விவாகரத்துக்குப் பின் வரி ஏய்ப்புப் புகார்: வருமான வரித் துறையின் இணையப் பக்கம் எப்படி?

“எல்லாத்தையும் இன்கம் டாக்ஸுக்குப் போட்டுக் கொடுத்துடுவேன்.” குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஜீவனாம்சத்துக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் இந்தக் கோபம் மொட்டைக் கடுதாசியாகப் போகும். 2021 ஜனவரி 12 முதல் அதற்கென்று வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்திலேயே தனிப் பக்கம் இருக்கிறது. வரி ஏய்ப்பு, பினாமிச் சொத்து, வெளிநாட்டில் மறைத்த சொத்து ஆகிய மூன்றுக்கும் அங்கே புகார் தரலாம். அந்த வசதியைப் பிரிந்துபோன கணவன் அல்லது மனைவியின் தேவையிலிருந்து மட்டும் இங்கே பார்க்கிறோம்.

தபால் பெட்டி என்ற அளவில் நல்ல பெட்டி. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகத் தரலாம். ஆனால் அதில் போட்ட புகாரால் பணமோ பதிலோ நியாயமோ திரும்பி வரும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். போடுவதா வேண்டாமா என்ற முடிவு இந்த ‘ஆனால்’ வாக்கியத்தில் இருக்கிறது.

முதலில் பயன்பாடு. தளத்தின் முகப்பில் இருக்கும் விரைவு இணைப்புகளில் வரி ஏய்ப்புப் புகாருக்கான சுட்டி இருக்கும். உள்நுழைவுக் கணக்கு தேவையில்லை. பான், ஆதார் இல்லாதவரும் போடலாம். கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஓ.டி.பி. வரும், அதைத் தட்டியதும் படிவம் திறக்கும். கடைசியில் ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் ஒன்று தருவார்கள். அந்த எண்ணை வைத்து நிலவரம் பார்க்கலாம். தாள்கள் தயாராக இருந்தால் அரைமணி நேர வேலை.

முதல் சறுக்கல் படிவத்தைத் தேர்ந்தெடுப்பதில். மூன்று சட்டங்களுக்கு மூன்று படிவங்கள்: 1961 வருமான வரிச் சட்டம், 2015 கறுப்புப் பணச் சட்டம், 1988 பினாமித் தடைச் சட்டம். கடை வருமானத்தைக் குறைத்துக் காட்டினார், மனை வாங்கும்போது பாதியை ரொக்கமாகக் கொடுத்தார் என்பவை முதல் படிவத்துக்கு உரியவை. டிரைவர் பெயரிலோ ஒன்றுவிட்ட தம்பி பெயரிலோ சொத்து வாங்கினார் என்றால் மூன்றாவது. “சிங்கப்பூரில் கணக்கு வைத்திருக்கிறார், இங்கே காட்டவே இல்லை” என்று இரண்டாவது படிவத்தை நிரப்புவோர் பலர். அந்த ஆண்டுகளில் அவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருந்து, அங்கே சம்பாதித்து, அங்கே போட்டு வைத்த பணம் என்றால் அதில் குற்றமே இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் வெளிநாட்டுச் சொத்தை ரிட்டர்னில் காட்டும் கடமை. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தாரா என்பதைப் பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் அந்தப் படிவத்தைத் தொட வேண்டும். பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே விஷயம் தெளிந்துவிடும்.

அடுத்தது, என்ன எழுதுவது. “என் முன்னாள் கணவர் கோடிக்கணக்கில் கறுப்புப் பணம் வைத்திருக்கிறார், ரெய்டு நடத்துங்கள்” என்பதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்குத் தேவை ஆண்டு, தொகை, இடம், பதிவேடு. இப்படி எழுதலாம்: 2021 ஆகஸ்டில், இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில், இன்ன எண் ஆவணமாக ஒரு மனை பதிவானது. பத்திரத்தில் 38 லட்சம் ரூபாய். அதற்கு மேல் 60 லட்சம் ரொக்கமாகக் கைமாறியது. பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தத்தின் நகல் இணைப்பு. விற்றவர் பெயர், ஊர், வாங்கியவரின் பான் எண். இவ்வளவு இருந்தால் போதும். கோபத்தில் எழுதிய பத்துப் பக்கத்தைவிட இந்த ஆறு வரிக்குக் கனம் அதிகம். ஆவண எண் தெரியாவிட்டால் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் கிடைத்துவிடும், பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. மாமியார் கொடுமை, வேறு பெண்ணுடன் தொடர்பு, குழந்தையைப் பார்க்க விடாதது எதையும் புகாரில் சேர்க்காதீர்கள். ஒரு வரி சேர்த்தாலும் படிப்பவருக்கு இது பழிவாங்கல் என்று தோன்றிவிடும். உண்மையான 60 லட்சமும் அந்தச் சந்தேகத்தில் அடிபட்டுப் போகும்.

ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். குடும்பம் நடத்திய காலத்தில் வீட்டில் இருந்த தாள், உங்களுக்கே வந்த வாட்ஸ்அப், உங்கள் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மெண்ட் இவை பிரச்சினை இல்லாதவை. பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறது என்பதற்காக இன்று அவருடைய மின்னஞ்சலுக்குள் போய் எடுப்பது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளில் அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து. வரி ஏய்ப்பைக் காட்டிக்கொடுக்கப் போய் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம்.

சேவையின் பலவீனம் போட்ட பிறகுதான் தெரியும். நிலவரப் பக்கம் புகார் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, என்ன கண்டுபிடித்தார்கள், எவ்வளவு வரி போட்டார்கள் என்று சொல்லாது. இன்னொருவரின் வரி விவரம் சட்டப்படி ரகசியம், புகார் கொடுத்தவர் என்பதால் அது திறந்துவிடாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் விசாரணைப் பிரிவு அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால் விலக்கு சொல்லிவிடுவார்கள். ‘என் புகார் என்ன ஆயிற்று’ என்று தூக்கம் கெடுகிறவர்களுக்கு இந்த வசதி ஒத்துவராது.

வெகுமதி பற்றியும் ஒரு தெளிவு. 2018 தகவலாளர் திட்டங்களில் உள்நாட்டு வரி ஏய்ப்புக்கு 50 லட்சம் வரை, வெளிநாட்டுச் சொத்துக்கு 5 கோடி வரை, பினாமிக்கு 1 கோடி வரை என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வேறு வாசல். விசாரணைப் பிரிவு அதிகாரி முன் நேரில் போய், அதற்கான படிவத்தில் எழுதிக் கொடுத்து, தகவலாளர் குறியீடு வாங்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் தட்டிவிட்ட புகாருக்கு அந்தப் பணம் வராது. பரிசுதான் நோக்கம் என்றால் இந்தப் பக்கத்தையே திறக்க வேண்டாம்.

“யார் சொன்னது என்று அவருக்குத் தெரியுமா?” எல்லோரும் கேட்கும் கேள்வி. துறை உங்கள் பெயரைச் சொல்லாது. ஆனால் மறுமதிப்பீட்டுக்கு, அதாவது பழைய ஆண்டின் வரிக் கணக்கை மீண்டும் திறப்பதற்கு முன், விளக்கம் கேட்டு 148ஏ நோட்டீஸ் அனுப்பும்போது, எந்தத் தகவலை வைத்து அனுப்புகிறோம் என்று எழுதியாக வேண்டும். படுக்கையறை அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்த டைரி என்று அதில் வந்தால், பெயர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். இதைத் தவிர்க்க ஒரே வழி, பதிவேட்டிலிருந்து தானாகவே தெரிய வரக்கூடிய விஷயத்தைச் சுட்டுவது. ஆவண எண், வங்கிக் கிளை, விற்றவரின் பெயர் இருந்தால் அதிகாரி அங்கே போய் எடுத்துக்கொள்வார். நோட்டீஸிலும் அந்தப் பதிவேடுதான் வரும்.

பழைய புகார்கள் சாவது கால வரம்பில். 2024 செப்டம்பர் 1 முதல் உள்ள விதிப்படி, தப்பிய வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவு என்றால் அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு மூன்று மாதத்துக்குள் மறுமதிப்பீட்டுக்கான 148 நோட்டீஸ் போக வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டு மூன்று மாதம். மேலே சொன்ன மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் என்பது 2021-22 நிதியாண்டு. மதிப்பீட்டு ஆண்டு 2022-23, அது முடிந்தது 2023 மார்ச் 31. ரொக்கம் 60 லட்சம் என்பதால் 2028 ஜூன் 30 வரை வாசல் திறந்திருக்கும், அதற்கு முந்தைய 148ஏ நோட்டீஸ் 2028 மார்ச் 31-க்குள் போயிருக்க வேண்டும். அதே ரொக்கம் 40 லட்சமாக இருந்திருந்தால் 2026 ஜூன் 30-உடன் கதை முடிந்தது. 2014-ல் வாங்கிய நகை, 2016-ல் கட்டிய மாடி என்று எழுதுவதெல்லாம் பெரும்பாலும் வீண். கடைசி நாளுக்கு முந்தைய வாரம் போடுவதும் அப்படித்தான். அதிகாரி விசாரித்து, ஒப்புதல் வாங்கி, நோட்டீஸ் அனுப்பவே பல மாதம் வேண்டும். ஓர் ஆண்டாவது மிச்சம் இருக்கும்போது போட்டால்தான் பயன்.

(பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்றாலும், பிரிந்தவர்கள் பேசுவது பெரும்பாலும் பழைய ஆண்டுகளைப் பற்றித்தான்.)

வெளிநாட்டுச் சொத்துக்கு இந்த வரம்பு கிடையாது. அது எந்த ஆண்டில் அதிகாரியின் கவனத்துக்கு வருகிறதோ, அந்த ஆண்டில் வரி போடலாம் என்பது 2015 சட்டம். வரி 30 சதவீதம், அதைப்போல மூன்று மடங்கு தண்டத்தொகை. சேர்த்தால் சொத்தின் மதிப்பைவிட அதிகம். அதனால் அந்தப் படிவம் மூன்றிலும் கூர்மையானது. தவறான ஆள்மேல் பாய்ந்தால் சேதமும் அதிகம்.

இனி உங்கள் கையெழுத்துக்கு வருவோம். இந்த மதிப்புரையில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். இந்தியாவில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் முறை இல்லை. அவர் ரிட்டர்னில் பொய் சொன்னதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் குடும்பத் தொழில்களில் மனைவியைச் சும்மா ஓர் இயக்குநராகப் போட்டுவைப்பது நம்மூர் வழக்கம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் வரிப் பாக்கியை வசூலிக்க முடியாவிட்டால் 179-ஆம் பிரிவின்படி அந்த ஆண்டுகளில் இயக்குநராக இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். தன் பக்கம் பெரிய அலட்சியமோ கடமை தவறியதோ இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவருக்கே. பங்குதாரர் நிறுவனமாக இருந்தால் 188ஏ இன்னும் நேரடி. பங்குதாரர் ஒவ்வொருவரும் முழுப் பாக்கிக்கும் பொறுப்பு. “எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாரோ அங்கே போட்டேன்” என்பது மனிதருக்குப் புரியும் பதில், வசூல் அதிகாரியிடம் செல்லாது.

பினாமியில் இது இன்னும் சிக்கல். தெரிந்த வருமானத்திலிருந்து மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கிய சொத்து பினாமி ஆகாது, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தெரியாத வருமானத்திலிருந்து உங்கள் பெயரில் வாங்கியிருந்தால், புகாரில் வரும் பினாமிதாரர் நீங்கள்தான். சொத்து பறிமுதல், ஓர் ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். அது இரு தரப்புக்கும் பொருந்தும். 2016 நவம்பர் 1-க்கு முந்தைய சொத்தென்றால், அன்று நடைமுறைக்கு வந்த பினாமிச் சட்டத் திருத்தம் அதற்குப் பொருந்துமா என்பதிலேயே சண்டை. பொருந்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. வழக்கறிஞர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அதனால் புகார்ப் பக்கத்தைத் திறக்கும் முன் அதே தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் ஏ.ஐ.எஸ்., அதாவது உங்கள் பான் எண்ணில் பதிவான பரிவர்த்தனைகளின் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் தரவிறக்கிப் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் தெரியாத எஃப்.டி., பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், மனை ஏதாவது இருக்கிறதா? அவர் பணத்தில் உங்கள் பெயரில் போட்ட வைப்பின் வட்டி, திருமண பந்தம் இருந்தவரை 64-ஆம் பிரிவின்படி அவர் வருமானத்தோடுதான் சேரும். பந்தம் முறிந்த பிறகு வரும் வட்டி உங்களுடையது, நீங்கள்தான் காட்ட வேண்டும். விட்டுப்போனது இருந்தால் முதலில் புதுப்பித்த ரிட்டர்ன், அதாவது ஐ.டி.ஆர்.-யு போட்டுவிடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அவகாசம். வரி, வட்டியோடு கூடுதலாக முதல் 12 மாதத்தில் 25 சதவீதம், பிறகு ஆண்டுக்கு ஆண்டு 50, 60, 70 என்று ஏறும். கசப்பான கணக்குதான். ஆனால் சோதனை என்று ஒன்று வந்துவிட்டால் இந்த வழி அடைபடும், உங்கள் புகாரே அந்தச் சோதனையைக் கொண்டுவரக்கூடும். இதையெல்லாம் குடும்ப ஆடிட்டரிடம் கேட்காதீர்கள். அவரிடம் இரண்டு பேருடைய கோப்பும் இருக்கிறது.

பணம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சேவை முற்றிலும் தவறான கடை. ஜீவனாம்சத்தைக் குறைக்க வருமானத்தை மறைக்கிறார் என்றால் அதற்கான இடம் குடும்ப நீதிமன்றம். 2020 நவம்பர் 4-ல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் பொய் என்று காட்டிவிட்டால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340-ஆக இருந்து இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 379-ஆக இருக்கும் பிரிவில் மனு போடலாம். ரிட்டர்ன்களையும் வங்கிக் கணக்கையும் வரவழைக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். கையில் இருக்கும் அதே 60 லட்ச ரொக்க ஒப்பந்தம் அங்கே உங்கள் மாதத் தொகையை உயர்த்தும். வரித் துறைக்குப் போனால் வரி, வட்டி, தண்டம் என்று அவருடைய பையைக் காலி செய்யும். காலிப் பையிலிருந்து பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வராது.

எதை முதலில் செய்வது என்ற வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது அவர் தன் சொத்தை வேறொருவருக்கு மாற்றினால், வரிப் பாக்கியைப் பொறுத்தவரை அந்த மாற்றம் செல்லாது என்கிறது 281-ஆம் பிரிவு. நடவடிக்கை பற்றித் தெரியாமல், போதிய விலை கொடுத்து வாங்கியவருக்கு விலக்கு உண்டு. சமரசத்தில் வீடு உங்களுக்கு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். புகாரையும் போட்டு, நோட்டீஸ் போனதும் தெரிந்து, அதன் பிறகு வீட்டை எழுதி வாங்கினால், தெரியாது என்று உங்களால் சொல்ல முடியாது. வீட்டுக்காகக் காத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்கலாம்.

மிரட்டலாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். “இத்தனை லட்சம் தராவிட்டால் புகார் போடுவேன்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 308-ஐக் காட்டி எதிர்த்தரப்பு காவல் நிலையம் போய்விடும். போடுவதானால் சொல்லாமல் போடுங்கள், சொல்வதானால் போடாதீர்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து ஒப்பந்தத்தில் ‘இனி யாரும் யார்மீதும் எந்தப் புகாரும் கொடுப்பதில்லை’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வரி வரித் துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் மீறினீர்கள் என்று காட்டி, பாக்கித் தவணையை நிறுத்த அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும். ஒருமுறை போட்ட புகாரை, சமாதானமாகிவிட்டோம் என்று திரும்பப் பெறவும் முடியாது. எழுதிக் கொடுக்கலாம், ஆனால் தகவல் அவர்கள் கையில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

சில விஷயங்கள் இந்தப் பெட்டிக்கே உரியவை அல்ல. உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டுக் கடன் வாங்கியிருந்தால் அது காவல்துறை வேலை, அதில் தள்ளிப்போடக் கூடாது. அவர் அரசு ஊழியர், லஞ்சப் பணம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. அங்கேயும் உங்கள் பெயரில் இருக்கும் சொத்தை எண்ணிவிட்டுப் போங்கள். வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கில் அரசு ஊழியர் அல்லாதவரும் உடந்தை என்று சேர்க்கப்படலாம் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து போன நல்லம்மாள் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் யாருக்கு இந்தப் பக்கம் சரி? தன் பெயரில் எதுவும் தொங்கவில்லை, சமரசமும் பணமும் முடிந்துவிட்டது, கால வரம்பில் இடம் இருக்கிறது, கையில் எண் போட்ட தாள் இருக்கிறது, பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஐந்தும் பொருந்துகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கடைசியாக, பெண் வீட்டாருக்கு. எதிர்த்தரப்பும் இதே பெட்டியைத்தான் பயன்படுத்தும். வரதட்சணைப் புகாரில் ‘40 லட்சம் ரொக்கமும் 100 பவுனும் கொடுத்தோம்’ என்று எழுதிய மறுமாதமே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பெண்ணின் அப்பாமீது வரி ஏய்ப்புப் புகார் போடுவது மாப்பிள்ளை வீட்டு வழக்கறிஞர்களின் பழகிப்போன உத்தி. வரதட்சணை கொடுத்ததாகச் சொன்னதற்காகப் பாதிக்கப்பட்டவர்மேல் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது, அதன் 7(3) பிரிவு காப்பாற்றும். வருமான வரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தொகையை எழுதும் முன், அப்பாவின் வங்கிக் கணக்கில் எந்த மாதம் எவ்வளவு எடுக்கப்பட்டது, எந்த நிலம் விற்றது, நகைக்கு ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதிவிட்டு, அந்தக் கணக்கில் நிற்கும் தொகையை மட்டும் புகாரில் போடுங்கள்.